பேசும் பலகை: உறவினர்களும் அக்கம்பக்கத்தினரும் எங்களிடம் கேட்கும் கேள்விகள்

என் மகளுக்கு 13 வயது. மூளை முடக்குவாதம். நாம் பேசுவது எல்லாம் அவளுக்குப் புரியும். நாக்கும் உதடும் அவள் நினைத்தபடி அசையாததால் சொற்கள் தெளிவாக வராது. 6 வயதில் படப் பலகை, 9 வயதில் டேப்லெட் என்று வந்து இப்போது அவற்றால் பேசுகிறாள். 3 வருடத்துக்கு முன்பு என் மாமனாருக்குப் பக்கவாதம் வந்து அவர் பேச்சும் போனது. ஆக, மதுரை செல்லூரில் எங்கள் சின்ன வீட்டில் இப்போது இரண்டு பலகைகள் இருக்கின்றன.

தெரபிக்குக் காத்திருக்கும் பெஞ்சில், கல்யாண மண்டபத்தில், மாட்டுத்தாவணியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது என்று ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப என் காதில் விழுந்திருக்கின்றன. கேட்டவர்கள் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. பெரும்பாலும் அப்பத்தாக்கள், அத்தைமார்கள், சித்தப்பாக்கள். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே கொடுத்திருக்கிறேன். நான் மருத்துவரோ தெரபிஸ்டோ இல்லை. 7 வருடமாக இதோடு வாழ்கிற ஒரு அம்மா.

அந்த அட்டையில என்னதான் இருக்கு? பேசுற மெஷின்னு சொல்றது இதைத்தானா?

வாயால் பேச முடியாதவர், அல்லது பேசினாலும் மற்றவருக்குப் புரியாதவர், வேறு வழியில் தன் மனதில் உள்ளதைச் சொல்வதற்கான எல்லாமே இதில் சேரும். 'துணை மற்றும் மாற்றுத் தொடர்பு முறை' என்று எழுதுவார்கள். தெரபிஸ்ட்கள் சுருக்கமாக ஏஏசி என்பார்கள். நாங்கள் வீட்டில் பலகை என்கிறோம்.

படங்கள் ஒட்டிய அட்டை, எழுத்துகள் எழுதிய அட்டை, படத்தைத் தொட்டால் குரல் கொடுக்கும் டேப்லெட், கண் அசைவைப் பார்த்து எழுத்தைத் தேர்ந்தெடுக்கும் கணினி என்று எளியதிலிருந்து விலை உயர்ந்தது வரை உண்டு. 'ஆமா' என்பதற்குக் கண்ணை மேலே உயர்த்துவதும் இதில் ஒன்றுதான். என் மகள் இவற்றில் பலவற்றைக் கலந்து பயன்படுத்துகிறாள். பசிக்கிறது என்று சொல்ல அவளுக்கு டேப்லெட் வேண்டாம், ஒரு பார்வை போதும். நேற்றுப் பள்ளியில் நடந்ததைச் சொல்லத்தான் டேப்லெட் வேண்டும்.

இது பிறவியிலேயே இப்படி இருக்கிற பிள்ளைகளுக்கு மட்டும்தானே?

இல்லை. மூளை முடக்குவாதம், ஆட்டிசம் உள்ள குழந்தைகளோடு, பக்கவாதத்துக்குப் பிறகு பேச்சு போனவர்கள், தலையில் அடிபட்டவர்கள், தொண்டைப் புற்றுநோய்க்காகக் குரல்வளை எடுக்கப்பட்டவர்கள், தசைகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும் நரம்பு நோய் உள்ளவர்கள் என எல்லோருக்கும் பயன்படும். தீவிர சிகிச்சைப் பிரிவில் தொண்டையில் குழாயோடு படுத்திருப்பவருக்குப் பத்து நாள் மட்டும் தேவைப்படலாம்.

விஞ்ஞானி ஸ்டீபன் ஹாக்கிங் பேசும் கணினியோடு இருப்பதைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். 1985இல் நிமோனியா வந்து தொண்டையில் துளையிட்டபோது அவர் பேச்சு முழுவதும் போனது. உடனே அவருக்குக் கணினி வந்துவிடவில்லை. ஒருவர் எழுத்து அட்டையில் ஒவ்வொரு எழுத்தாகக் காட்ட, சரியான எழுத்து வந்ததும் அவர் புருவத்தை உயர்த்துவார். அப்படித்தான் தொடங்கினார். கணினி அதற்குப் பிறகுதான் வந்தது. அட்டையைப் பார்த்து 'இதுதானா?' என்று உதட்டைப் பிதுக்குகிறவர்களிடம் நான் இதைச் சொல்வேன்.

இதைக் கையில குடுத்துட்டா பேச்சு வராமலே போயிடாதா? சோம்பேறி ஆயிட மாட்டாளா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். நானும் இதே பயத்தில் இரண்டு வருடம் தள்ளிப்போட்டேன். நாங்கள் முதலில் போன ஒரு இடத்தில், "பலகை கொடுத்தால் வாய் திறக்க மாட்டாள்" என்று சொன்னார்கள். நம்பினேன். அந்த இரண்டு வருடம் அவள் அழுததற்கெல்லாம் காரணம் என்ன என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

இந்தப் பயத்தை ஆராய்ச்சியாளர்கள் சோதித்திருக்கிறார்கள். அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து அமெரிக்காவில் 2006இல் ஒரு கட்டுரை வெளியானது. நம்பகமாக ஆராயப்பட்ட 27 பேரில் 89 சதவீதம் பேருக்கு, மாற்று முறையைத் தொடங்கிய பிறகு பேச்சு கொஞ்சமாவது கூடியிருந்தது. மீதிப் பேருக்கு மாற்றமில்லை. ஒருவருக்குக்கூடப் பேச்சு குறையவில்லை. கூடியது எல்லோருக்கும் பெரிய அளவில் என்று சொல்ல முடியாது, பலருக்குச் சிறிய அளவுதான். ஆனால் 'கெடுத்துவிடும்' என்ற பயத்துக்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

யோசித்துப் பார்த்தால் காரணம் புரியும். வாயால் பேசுவதுதான் எல்லோருக்கும் வேகமானது, சுலபமானது. முடிந்தால் எந்தக் குழந்தையும் அதைத்தான் செய்யும். பலகையில் தொட்டதும் அதே சொல் குரலாகத் திரும்பத் திரும்பக் காதில் விழுவதும் உதவுகிறது. என் மகள் 'வா', 'போ', 'அம்மா' என்ற மூன்றையும் வாயால் சொல்லத் தொடங்கியது பலகை வந்த பிறகுதான்.

சின்னப் பிள்ளைதானே, இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்ப்போமே?

பொறுக்க வேண்டாம். இதற்குக் குறைந்தபட்ச வயது என்று ஒன்று இல்லை, 'இவ்வளவு புத்தி வந்தால்தான்' என்ற தகுதியும் இல்லை. கைக்குழந்தையிடம் அதற்குப் புரியும் என்று நிச்சயமாகத் தெரிந்தபிறகா பேசத் தொடங்குகிறோம்? ஸ்பீச் தெரபியும் பலகையும் ஒன்றாகவே நடக்கலாம். ஒன்றை நிறுத்தித்தான் மற்றதைத் தொடங்க வேண்டும் என்றில்லை.

அவ கண்ணைப் பார்த்தாலே எங்களுக்குப் புரிஞ்சிடும். அப்புறம் எதுக்கு இது?

என் மாமியார், அதாவது மகளின் அப்பத்தா, கேட்டது இது. உண்மைதான், அவருக்குப் புரியும். சோறு, தண்ணீர், பாத்ரூம், தூக்கம், டிவி என்று ஐந்தாறு விஷயம் புரியும். அந்த ஐந்தாறுக்குள்தான் அவள் உலகம் இருக்கும் என்று நாங்களே முடிவு செய்துவிட்டோம்.

அவளுக்கு 7 வயதாக இருக்கும்போது நாலு நாள் சாப்பிடவில்லை. ஒரே அழுகை. கண் திருஷ்டி என்று சுற்றிப் போட்டோம், விபூதி போட்டு மந்திரித்தோம், சூடு பிடித்துவிட்டது என்று இளநீர் கொடுத்தோம். அப்போதுதான் பலகையில் உடல் உறுப்புகள் பக்கம் ஒன்றைச் சேர்த்திருந்தோம். ஐந்தாம் நாள் அவளாகவே விரலை இழுத்து இழுத்துக் கொண்டுபோய் 'பல்' படத்தில் வைத்தாள். கடைவாய்ப் பல்லில் சொத்தை. நாலு நாளும் நாங்கள் அவள் கண்ணைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தோம். அப்பத்தா அதற்குப் பிறகு இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. பலகையைத் துடைத்து வைப்பது இப்போது அவர் வேலை.

இன்னொன்று. நமக்குப் புரியும், சரி. டீச்சருக்கு? ஆஸ்பத்திரி நர்ஸுக்கு? பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு?

டேப்லெட் வாங்கிக் குடுத்து மூணு மாசமாச்சு, தொடவே மாட்டேங்கிறானே?

நீங்கள் தொட்டீர்களா? கோபமாகக் கேட்கவில்லை. எங்கள் வீட்டிலும் முதல் ஆறு மாதம் இதே கதைதான். பலகையை அவள் முன்னால் வைத்துவிட்டு, 'என்ன வேணும், காட்டு' என்று கேட்டுக்கொண்டே இருந்தோம். அவளுக்கு அது பரீட்சை மாதிரி ஆகிவிட்டது.

ஒரு குழந்தை தமிழ் பேசுவதற்கு முன் ஒரு வருடமாவது தமிழைக் கேட்கிறது. யாரும் அதனிடம் உடனே திருப்பிச் சொல்லச் சொல்வதில்லை. பலகையும் ஒரு மொழி மாதிரிதான். அந்த மொழியில் அவனிடம் யாராவது பேசினால்தானே அவனுக்கு வரும்? நீங்கள் வாயால் பேசும்போதே ஒன்றிரண்டு முக்கியச் சொற்களைப் பலகையில் தொட்டுக் காட்டுங்கள். "தாத்தா வர்றார்" என்று சொல்லிக்கொண்டே 'தாத்தா', 'வா' இரண்டையும் தொடுங்கள். தோசை கருகினால் 'ஐயையோ' என்பதைத் தொடுங்கள். பதில் எதிர்பார்க்காதீர்கள். அவன் பார்க்காத மாதிரி இருப்பான், ஆனால் பார்ப்பான். முழு வாக்கியமாகக் காட்ட வேண்டிய அவசியமும் இல்லை. அவன் ஒரு சொல்லில் இருந்தால் நீங்கள் இரண்டு சொல் காட்டினால் போதும்.

வீட்டில் எல்லோரும் செய்ய வேண்டும். அம்மா மட்டும் செய்தால் அது 'அம்மாவும் அவனும் பேசும் பாஷை' என்று நின்றுவிடும். எங்கள் வீட்டில் மாற்றம் வந்தது என் கணவர் இரவுச் சாப்பாட்டின்போது பலகையை எடுத்து, தன் கடையில் அன்று நடந்ததைக் காட்டிச் சொல்லத் தொடங்கிய பிறகுதான். மூன்றாவது வாரம் மகள் பலகையைத் தன் பக்கம் இழுத்தாள்.

கேள்வி கேட்டா சும்மா பார்த்துக்கிட்டே இருக்காளே, ஒண்ணும் சொல்லலையே?

கேட்டபிறகு மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். உண்மையிலேயே எண்ணுங்கள். கேட்டதைப் புரிந்துகொண்டு, சொல்லைத் தேடி, கையை அங்கே கொண்டுபோக அவளுக்கு நேரம் வேண்டும். நாம் மூன்றாவது நொடியில் அடுத்த கேள்வியைக் கேட்டுவிடுகிறோம். அவள் முதல் கேள்விக்குக் கையைத் தூக்கும்போது நாம் மூன்றாவது கேள்வியில் இருப்போம்.

அட்டையில என்னென்ன வார்த்தை போடணும்? எங்க பையனுக்குப் பழம் பேரு, மிருகம் பேரெல்லாம் போட்டிருக்கோம்.

யானை, ஒட்டகம், அன்னாசி எல்லாம் இருக்கட்டும். ஆனால் ஒரு நாளில் எத்தனை முறை 'ஒட்டகம்' என்று சொல்கிறோம்? நாம் பேசுவதில் பெரும்பகுதி சில நூறு சொற்களே திரும்பத் திரும்ப வருவதுதான்: நான், நீ, வா, போ, கொடு, வேணும், வேணாம், இன்னும், போதும், எங்கே, யாரு, ஏன், அப்புறம், பிடிக்கும், பிடிக்கலை. இவை முதல் பக்கத்திலேயே, எப்போதும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். இடத்தை மாற்றிக்கொண்டே இருந்தால் கை பழகாது. அஞ்சறைப் பெட்டியில் யாராவது கடுகையும் சீரகத்தையும் இடம் மாற்றி வைத்தால் உங்களுக்கு எப்படி இருக்கும்?

பிறகு உங்கள் வீட்டுச் சொற்கள். எங்களுக்குக் கிடைத்த அச்சடித்த அட்டையில் 'பாட்டி' என்று இருந்தது. எங்கள் வீட்டில் பாட்டி யாரும் இல்லை, அப்பத்தாவும் அம்மாச்சியும்தான். இரண்டு பேர் போட்டோவையும் தனித்தனியாக ஒட்டிய பிறகுதான் அவள் அந்தக் கட்டங்களைத் தொட்டாள். ஜிகர்தண்டா, பருத்திப்பால், மல்லிகைப்பூ, அழகர் எல்லாம் உண்டு. வலிக்குது, பயமா இருக்கு, என்னைத் தொடாதே, கேலி பண்ணாதே, எனக்கு ஒண்ணு சொல்லணும் என்ற ஐந்தையும் தயவுசெய்து விடாதீர்கள். தம்பியைத் திட்டுவதற்கு 'போடா லூசு' என்றும் ஒரு கட்டம் இருக்கிறது. அவள் கேட்டுச் சேர்த்தது. அதிகம் தேய்ந்த கட்டம் அதுதான்.

தமிழ்ல ஆப் இருக்கா? அது செய்தி வாசிக்கிற மாதிரி பேசுதே?

இருக்கிறது. சென்னையில் அஜித் நாராயணன் குழுவினர் உருவாக்கிய ஆவாஸ் செயலியில் தமிழ் உண்டு. ஐஐடி மும்பையில் உருவான ஜெல்லோ இலவசமாகவே கிடைக்கிறது. ஆண்ட்ராய்டு போனில் தமிழ்க் குரலும் இருப்பதால், எழுதத் தெரிந்தவர்கள் தட்டச்சு செய்து வாசிக்க வைக்கலாம். எது வாங்கினாலும் முதலில் இலவச முறையில் சில வாரம் பார்த்துவிட்டு, தெரபிஸ்டிடமும் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

"எனக்குத் தண்ணீர் வேண்டும்" என்று செயலி சொல்லும். எந்த மதுரைப் பிள்ளை அப்படிக் கேட்கும்? பெரும்பாலான செயலிகளில் சொல்லை மாற்றி எழுதலாம், சிலவற்றில் நம் குரலையே பதிவு செய்யலாம். நாங்கள் 'தண்ணி வேணும்' என்று மாற்றினோம். அடிக்கடி சொல்லும் சொற்களை என் நாத்தனார் மகள், இவளைவிட ஒரு வயது மூத்தவள், தன் குரலில் பதிவு செய்து கொடுத்தாள். முதலில் நானே பேசிப் பதிவு செய்திருந்தேன். தன் வாயிலிருந்து அம்மா குரல் வருவதை மகள் விரும்பவில்லை. அது நியாயம்தான்.

தமிழ்ல 247 எழுத்து இருக்கே, எழுத்துப் பலகையில அத்தனையும் எப்படிக் காட்டுறது?

இதற்குப் பதில் நம் இலக்கணத்திலேயே இருக்கிறது. இதை நாங்கள் கண்டுபிடித்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. 247 கட்டம் போட்டால் எந்த விரலும் களைத்துவிடும். மெய்யெழுத்து 18ஐயும் பள்ளியில் படித்தபடி மூன்றாகப் பிரியுங்கள். வல்லினம் க ச ட த ப ற, மெல்லினம் ங ஞ ண ந ம ன, இடையினம் ய ர ல வ ழ ள. ஒவ்வொன்றிலும் ஆறு. உயிரெழுத்துகள் நாலாவது வரி. ஜ, ஷ, ஸ, ஹ ஐந்தாவது வரி, பெயர்களுக்குத் தேவைப்படும்.

நாம் வரி வரியாகக் கேட்க வேண்டும், அவள் கண்ணை உயர்த்தினால் 'ஆமா'. "உயிரா? வல்லினமா?" கண் உயர்ந்தது. "க? ச? ட? த? ப?" உயர்ந்தது. அடுத்து, "புள்ளியா? குறிலா? நெடிலா?" குறில். "அ?" உயர்ந்தது. முதல் எழுத்து ப. அடுத்து இடையினம், ர, குறில், அ, இ, உ என்று போய் 'ரு'. 'பரு' வந்ததும் நான் "பருப்பா?" என்றேன். இல்லை. "பருத்திப்பாலா?" ஒரே சிரிப்பு. மணி இரவு எட்டு, சிம்மக்கல் வரை அவள் அப்பா வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

ஊகித்துக் கேட்பது தப்பில்லை, நேரம் மிச்சம். ஆனால் ஊகம் தவறு என்று அவள் சொன்னால் உடனே விட்டுவிட்டு எழுத்துக்குத் திரும்ப வேண்டும். நாம் நினைத்ததையே அவளைச் சொல்ல வைத்துவிடக் கூடாது.

எங்க மாமாவுக்கு ஸ்ட்ரோக் வந்து பேச்சு போயிடுச்சு. உங்க மக வெச்சிருக்கிற அட்டையையே அவருக்கும் குடுக்கலாமா?

அப்படியே கொடுக்க வேண்டாம். நாங்கள் செய்த தவறு அது. மாமனாருக்கு எழுத்துப் பலகையைக் காட்டினோம். 40 வருடம் கணக்கு எழுதிய மனிதர், ஒரு எழுத்தையும் காட்ட முடியாமல் அழுதுவிட்டார். பிறகுதான் தெரபிஸ்ட் விளக்கினார். என் மகளுக்கு மொழி இருக்கிறது, வாய்த் தசைதான் ஒத்துழைக்கவில்லை. மாமனாருக்கு மூளையின் இடது பக்கம் பாதிக்கப்பட்டதால் மொழியே குழம்பியிருக்கிறது. பெரும்பாலானவர்களுக்கு மொழியைக் கையாள்வது அந்தப் பக்கம்தான். அதனால் பேச்சோடு வாசிப்பதும் எழுதுவதும் தடுமாறும். புத்தி போகவில்லை. மனிதர் உள்ளே அதே மனிதர்தான். சொல் மட்டும் கைக்கு அகப்படுவதில்லை.

இப்படிப்பட்டவர்களுக்கு 'ஆமா', 'இல்லை' கூட மாறி வரலாம். மாமனார் 'இல்லை' என்று தலையாட்டிவிட்டுக் காபியை வாங்கிக்கொள்வார். எனவே இரண்டு பொருளை நேரில் காட்டி 'இதுவா, அதுவா?' என்று கேட்கிறோம். போட்டோ ஆல்பம், காலண்டர், ஊர் வரைபடம் எல்லாம் அவருக்கு நன்றாக உதவுகின்றன. ஒரு நாள் வரைபடத்தில் மேலூரைத் தொட்டு, ஆல்பத்தில் தன் தங்கச்சியைத் தொட்டு, காலண்டரில் வெள்ளிக்கிழமையைத் தொட்டார். வெள்ளிக்கிழமை கூட்டிக்கொண்டு போனோம். பேச முடியாதவர் பழைய சாமி பாட்டை முழுதாகப் பாடுவதையோ ஒன்று முதல் பத்து வரை எண்ணுவதையோ பார்த்து, 'நடிக்கிறாரோ' என்று சந்தேகப்படாதீர்கள். மனப்பாடமாகப் பதிந்தவை பக்கவாதத்துக்குப் பிறகும் பலருக்கு மிஞ்சி நிற்கும்.

கையே அசையலைன்னா?

நம் விருப்பத்துக்கு அசைகிற ஏதாவது ஒன்று போதும். புருவம், கன்னம், கால் பெருவிரல், கண். ஹாக்கிங் பின்னாளில் கன்னத் தசையின் சின்ன அசைவால்தான் கணினியை இயக்கினார். செலவில்லாத வழி, கண்ணாடி மாதிரித் தெரியும் பிளாஸ்டிக் தாளில் ஓரங்களில் நாலு படத்தை ஒட்டி, அதற்கு அந்தப் பக்கம் நாம் உட்கார்ந்து, அவர் எதைப் பார்க்கிறார் என்று கவனிப்பது. மேலே எழுத்துப் பலகைக்குச் சொன்ன வரி வரியாகக் கேட்கும் முறை இங்கேயும் அப்படியே பொருந்தும்.

இதுக்கெல்லாம் எவ்வளவு ஆகும்? கவர்மென்ட்ல ஏதாவது குடுப்பாங்களா?

ஜெராக்ஸ் கடையில் கலர் பிரிண்ட் எடுத்து லேமினேஷன் போட்டால் சில நூறு ரூபாய்க்குள் முடியும். பழைய போனில் செயலி ஓடும். கண் அசைவுக் கணினி மாதிரிக் கருவிகள் லட்ச ரூபாயைத் தாண்டலாம். அதில்தான் தொடங்க வேண்டும் என்று யாராவது சொன்னால் இரண்டாவது கருத்தும் கேளுங்கள். தெரபிஸ்ட் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு செய்தவரா என்றும் கேட்கலாம். அது உங்கள் உரிமை.

முதலில் மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டை எடுங்கள். எல்லா உதவிக்கும் அதைத்தான் கேட்பார்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் வழி சொல்வார்கள். உதவி உபகரணங்களுக்கு மத்திய அரசின் திட்டம் உண்டு. மூளை முடக்குவாதம், ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்குத் மத்திய அரசு அமைப்பான தேசிய அறக்கட்டளையின் நிராமயா மருத்துவக் காப்பீடு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை இருக்கிறது. மனு எழுதும்போது வெறுமனே 'டேப்லெட்' என்று எழுதாமல், 'பேசுவதற்கான கருவி' என்று தெரபிஸ்ட் கடிதத்தோடு கொடுங்கள்.

கல்யாண வீட்டுக்கு இதைக் கொண்டு போனா எல்லாரும் பார்ப்பாங்களே?

பார்ப்பார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும். நானும் முதலில் பையிலேயே வைத்திருந்தேன். அந்த மூன்று மணி நேரமும் என் மகள் மண்டபத்தில் ஊமையாக உட்கார்ந்திருந்தாள். அதை நினைத்தால் இப்போதும் மனசு ஆறவில்லை. போன தை மாதம் ஒரு கல்யாணத்தில் பலகை மடியில் இருந்தது. சின்னப் பிள்ளைகள் ஐந்து பேர் சுற்றி நின்று ஆளுக்கொரு கட்டமாகத் தொட்டுப் பார்த்தார்கள். பெரியவர்கள்தான் என்னிடம் திரும்பி, "என்ன சாப்பிடுவா?" என்றார்கள். அப்படிக் கேட்டால் நான் பதில் சொல்வதில்லை. "அவகிட்டயே கேளுங்க" என்று மட்டும் சொல்வேன்.

கெட்ட வார்த்தை அமுக்கினான், எதுக்கெடுத்தாலும் 'வேணாம்'ங்கிறான். டேப்லெட்டைப் பிடுங்கி மேல வெச்சுட்டோம். சரிதானே?

சரியில்லை. வாயால் திட்டுகிற பிள்ளையின் வாயில் பிளாஸ்திரி ஒட்டுவோமா? திட்டுங்கள், கண்டியுங்கள், தம்பிக்கு எப்படியோ அப்படி. பலகையை மட்டும் எடுக்காதீர்கள். விளையாட்டும் வீடியோவும் அதே டேப்லெட்டில் இருப்பதால் இந்தக் குழப்பம் வருகிறது. முடிந்தால் பேசுவதற்கென்று தனியாக ஒன்று வைத்துவிடுங்கள்.

'வேணாம்' என்று அவன் சொல்வது எனக்கு நல்ல செய்தியாகத்தான் தெரிகிறது. இத்தனை வருடம் எல்லோரும் ஊட்டியதைச் சாப்பிட்டு, உடுத்தியதை உடுத்தியவன். மருந்து மாதிரி மறுக்க முடியாத விஷயத்தில், 'வேணாம்னு சொல்ற, புரியுது, ஆனா குடிச்சுத்தான் ஆகணும்' என்று சொல்லிவிட்டுக் கொடுங்கள். கேட்காத மாதிரி நடிக்காதீர்கள்.

கையைப் பிடிச்சு நாங்களே அமுக்க வெச்சா நிறைய சொல்றானே. பெரிய பெரிய வாக்கியமா வருதே?

இதை வருத்தத்தோடுதான் எழுதுகிறேன், ஏனென்றால் இதில் பெற்றோரின் ஆசை கலந்திருக்கிறது. கையைப் பிடித்து எழுத வைக்கும் முறையை 1990களில் பலவிதமாகச் சோதித்தார்கள். பிள்ளைக்கு ஒரு படமும் கை பிடிப்பவருக்கு வேறு படமும் காட்டினால், எழுத்தில் வந்தது கை பிடிப்பவர் பார்த்த படம்தான். அவர்கள் ஏமாற்றவில்லை. தங்களுக்கே தெரியாமல் கையை நடத்தியிருக்கிறார்கள். அமெரிக்கப் பேச்சு, மொழி, செவித்திறன் நிபுணர்கள் சங்கம் இதைப் பயன்படுத்த வேண்டாம் என்று 2018இல் திரும்பவும் அறிவித்தது.

முழங்கைக்குத் தலையணை வைக்கலாம், மேசையைச் சாய்க்கலாம், கட்டத்தைப் பெரிதாக்கலாம், முன்பு சொன்ன கண் முறைக்கு மாறலாம். அவனாகவே ஒரு சொல் சொன்னால் அது அவனுடைய சொல். நீங்கள் கை பிடித்து வரும் பத்து வாக்கியம் அவனுடையதா என்று யாராலும் சொல்ல முடியாது.

கரண்ட் போனா? திருவிழாக் கூட்டத்துல?

காகிதப் பலகை எப்போதும் பையில் இருக்க வேண்டும். அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் டேப்லெட்டை நான் வெளியே எடுப்பதே இல்லை. கழுத்தில் கயிறு கட்டிய சின்ன அட்டை மட்டும். தண்ணீர் பீய்ச்சினாலும் லேமினேஷன் தாங்கும். அட்டையின் பின்பக்கம் என் போன் நம்பர்.

ஸ்கூல்ல இதை உள்ள கொண்டு வரக் கூடாதுங்கிறாங்க. என்ன செய்யுறது?

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, தொடர்பு என்பதற்கு விளக்கம் தரும்போதே துணை மற்றும் மாற்று முறைகளையும் சேர்த்திருக்கிறது. கல்வி பற்றிய 17ஆம் பிரிவு, பேச்சுக் குறைபாடு உள்ளவர்களுக்கு இந்த முறைகளை ஊக்குவிக்கச் சொல்கிறது. இந்த இரண்டையும் ஒரு தாளில் எழுதி, தெரபிஸ்ட் கடிதத்தையும் இணைத்துத் தலைமை ஆசிரியரிடம் கொடுங்கள். சண்டையோடு போகாதீர்கள். அரை மணி நேரம் கேட்டு வாங்கி, வகுப்பாசிரியருக்குப் பலகையைக் காட்டிக் கொடுங்கள். எங்களுக்குச் சட்டத்தைவிட அந்த அரை மணி நேரம்தான் வேலை செய்தது.

வயசுக்கு வந்த பொண்ணு. உடம்பைப் பத்தின வார்த்தையெல்லாம் அட்டையில போடணுமா?

கட்டாயம் போட வேண்டும். சொல்ல முடியாதவர்கள் என்று தெரிந்தே அவர்களிடம் தப்பாக நடப்பவர்கள் உண்டு. அந்தரங்க உறுப்புகளின் பெயர், 'யாரு', 'எங்கே', 'தொட்டாங்க', 'ரகசியம்னு சொன்னாங்க' எல்லாம் வேண்டும். வரவேற்பறையில் காட்ட வேண்டாம் என்றால் உள்பக்கத்தில் வையுங்கள். ஆனால் அவளால் தானே போக முடிகிற இடத்தில் இருக்க வேண்டும்.

அவள் டேப்லெட்டில் என்ன பேசினாள் என்று பிறகு திறந்து பார்க்கும் பழக்கத்தையும் விடுங்கள். சித்தி மகளோடு அவள் பேசியது அவர்கள் இருவருக்குமானது. இதைக் கற்றுக்கொள்ள எனக்கு நாளானது.

எல்லாம் சரி. எங்களுக்குப் பிறகு இவ பேசுறதை யாரு புரிஞ்சுக்குவா?

பெஞ்சில் எல்லோரும் எழுந்து போனபிறகு கேட்கப்படும் கேள்வி இது. 18 வயதுக்குப் பிறகு தேவைப்படுபவர்களுக்குச் சட்டப்படி பாதுகாவலரை நியமிக்கலாம். ஆட்சியர் தலைமையில் மாவட்டத்தில் அதற்கு உள்ளூர்க் குழு இருக்கிறது. அது காகித வேலை. அதற்கு முன் செய்ய வேண்டியது வேறொன்று.

ஒரு தாள் எழுதுங்கள், அவளே சொல்வது போல. "நான் ஆமா சொன்னால் கண் மேலே போகும். இல்லை என்றால் தலையை இடது பக்கம் திருப்புவேன். கேட்டுவிட்டுப் பொறுத்திருங்கள். என் பலகை வலது பக்கம் இருக்க வேண்டும். சத்தமாகப் பேச வேண்டாம், காது நன்றாகக் கேட்கும். எனக்குப் புரியும்." இவ்வளவுதான் எங்கள் தாளில் இருப்பது. ஒவ்வொரு வரியையும் அவளிடம் வாசித்துக் காட்டி, சரிதானா என்று கேட்டு எழுதினோம். 'சத்தமாகப் பேச வேண்டாம்' என்பது அவள் சேர்த்தது. சித்தப்பா வீட்டில் ஒன்று, பள்ளியில் ஒன்று, தெருமுனை மருந்துக் கடைக்காரரிடம் ஒன்று, சக்கர நாற்காலியின் பின்பையில் ஒன்று என நாலு பிரதி இருக்கிறது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நாங்கள் இருவரும் ஒரு மணி நேரம் வெளியே போய்விடுகிறோம். அந்த நேரத்தில் சித்தப்பா பிள்ளைகள் அவளோடு இருக்கிறார்கள். போன வாரம் திரும்பி வந்தபோது, அவள் இரண்டு ஆட்டம் ஜெயித்திருந்தாள். எங்களை இன்னும் கொஞ்ச நேரம் கழித்து வரச் சொல்லிப் பலகையில் காட்டினாள்.